நிலவு எழாத நோன்பு: உடற்பருமன் அறுவைக்குப் பின் வரும் பசியின் வரலாறு

புணேயிலிருந்து அகில்யாநகர் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், ஷிரூர் வட்டத்தில், ரஞ்சன்காவ் அமைந்துள்ளது. அஷ்டவிநாயகத் தலங்கள் எட்டனுள் ஒன்றான மகாகணபதி கோயிலால் அறியப்பட்ட ஊர். இன்று அதன் பெயரைச் சொன்னால் பலருக்கு அங்குள்ள தொழிற்பேட்டையும் நினைவுக்கு வரும். தேய்பிறைச் சதுர்த்திதோறும் இக்கோயிலுக்கு வரும் அடியவர் பலர் பகல் முழுவதும் நோன்பிருந்து, இரவில் நிலவைக் கண்டு வணங்கிய பின்னரே உணவு கொள்வர். தமிழ்நாட்டில் சங்கடஹர சதுர்த்தி என்றும் மராட்டியத்தில் சங்கஷ்டி என்றும் வழங்கும் இந்நோன்பு அவ்வளவு கடுமையானதன்று. சவ்வரிசிக் கிச்சடியும் வேர்க்கடலையும் வாழைப்பழமும் இடையில் உண்பாரும் உளர். இதில் கவனிக்கத்தக்கது வேறொன்று. நோன்பு முடியும் நேரம் முன்கூட்டியே தெரியும். வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் நிலவெழும் நேரம் மணி, நிமிடக் கணக்கில் அச்சிடப்பட்டிருக்கும். பசித்தவர் அதைப் பார்த்துக்கொண்டே பசித்திருப்பார்.

இதே புணே மாவட்டத்திலும், மும்பை, சென்னை, கோவை போன்ற பிற நகரங்களிலும் இந்நூற்றாண்டில் பரவியிருக்கும் உடற்பருமன் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் பசிக்கு அத்தகைய நாட்காட்டி கிடையாது. அறுவை முடிந்த முதல் ஓரிரு வாரங்கள் நீர், மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், புரதப் பொடி கரைத்த பால் ஆகியவற்றை மடக்கு மடக்காக அருந்த வேண்டும். பின்னர் கூழ், அதன் பின்னர் குழைந்த உணவு, ஏறத்தாழ ஒன்றரை மாதம் கழிந்து வழக்கமான திட உணவு எனப் படிப்படியாகச் செல்வர். இரைப்பை சுருங்கிவிட்டால் பசியும் சுருங்கிவிடும் என்று நம்பியே பலரும் அறுவைக்கு உடன்படுகின்றனர். பெரும்பாலோர்க்கு அந்நம்பிக்கை பலிக்கவும் செய்கிறது. சிலருக்கோ முதல் வாரத்திலோ மூன்றாம் வாரத்திலோ பழைய பசி, பழைய வேகத்தோடு வந்து நிற்கிறது. அப்போது அவர்கள் இரண்டு முடிவுகளுள் ஒன்றுக்கு வருகின்றனர்: அறுவை தோற்றுவிட்டது, அல்லது நான் தோற்றுவிட்டேன். உறவினர் சொல்வது பெரும்பாலும் இரண்டாவதையே. ‘இவ்வளவு செலவு செய்தும் வாயைக் கட்ட முடியவில்லையே’ என்பது வீட்டுக்கு வீடு கேட்கக்கூடிய சொல்.

பசியைப் பொறுப்பது மனவுறுதியின் செயல், பொறுக்காதது குணக்கேடு என்ற எண்ணம் மிகப் பழமையானது. ஆனால் தமிழ் மரபில் அதற்கு நேரெதிரான ஓர் எண்ணமும் உண்டு. ‘பசிப்பிணி’ என்ற சொல்லே பசியை நோயாகக் கொள்கிறது. மணிமேகலைக் காப்பியத்தில் வரும் காயசண்டிகை என்னும் விஞ்சை மகள், முனிவர் ஒருவர் உண்ண வைத்திருந்த நாவற்கனியைச் சிதைத்ததால் சாபமுற்று, ‘யானைத்தீ’ என்னும் நோயால் வருந்துகிறாள். எவ்வளவு உண்டாலும் அவள் பசி தணிவதில்லை. காப்பியம் அவளைப் பெருந்தீனிக்காரி என்று பழிக்கவில்லை; நோயாளியாகவே நடத்துகிறது. அவள் சாபத்துக்கும் பன்னிரண்டாண்டு என்ற எல்லை உண்டு. இறுதியில் அமுதசுரபியின் உணவே அவள் நோயைத் தீர்க்கிறது. உபதேசத்தால் அது தீர்ந்ததாகக் கதை இல்லை.

மேலை மருத்துவம் இந்த இடத்துக்கு வந்துசேர நெடுங்காலம் பிடித்தது. பசி உடலில் எங்கே உறைகிறது என்ற வினாவுக்கு 20ஆம் நூற்றாண்டு அடுத்தடுத்து வேறு வேறு விடைகளைச் சொன்னது. ஒவ்வொரு விடைக்கும் ஏற்ப, பசித்தவர்மீது விழும் பழியும் இடம் மாறியது.

முதல் விடை, இரைப்பை. 1912ஆம் ஆண்டு ஹார்வர்டில் வால்டர் கேனனும் அவருடைய மாணவர் வாஷ்பர்னும் ஓர் எளிய சோதனையை வெளியிட்டனர். வாஷ்பர்ன் ரப்பர் பலூன் ஒன்றைக் குழாயோடு விழுங்கினார். அதில் காற்று நிரப்பி, இரைப்பை சுருங்குந்தோறும் கருவியில் கோடு பதியுமாறு செய்தனர். பசிக் கடுப்பை அவர் உணர்ந்த கணங்களும் இரைப்பை சுருங்கிய கணங்களும் ஒத்திருந்தன. பசி என்பது வெற்று இரைப்பையின் இறுக்கமே என்ற கருத்து இவ்வாறு பாடநூல்களில் இடம்பெற்றது. சிகாகோவின் ஆன்டன் கார்ல்சன் அதை மேலும் விரிவாக ஆராய்ந்தார். ஆனால் அதே கார்ல்சன், மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் அறுவை வல்லுநர் ஓவன் வாங்கென்ஸ்டீனுடன் சேர்ந்து, 1931இல் சிறிய குறிப்பொன்றை வெளியிட நேர்ந்தது. இரைப்பை முழுவதும் அகற்றப்பட்ட நோயாளி ஒருவர் தமக்குப் பசி எடுப்பதாகவே கூறினார் என்பது அக்குறிப்பின் செய்தி. சுருங்குவதற்கு இரைப்பையே இல்லை. பசி மட்டும் இருந்தது. உடற்பருமன் அறுவையின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1950களிலிருந்துதான் தொடங்குகின்றனர். அறுவைக்குப் பின் வரும் பசியின் வரலாற்றுக்கோ இந்த 1931ஆம் ஆண்டுக் குறிப்பே முதல் பக்கம்.

இரண்டாம் விடையைக் கண்டவர்களுள் ஒருவர் இந்தியர் என்பது நம்மிடையே போதிய அளவு பேசப்படுவதில்லை. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸின் நடுப்பகுதியைச் சிதைத்தால் எலிகள் அளவின்றிப் பருக்கின்றன என்பதை 1940களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டியிருந்தனர். 1951இல் பால் கிருஷ்ண ஆனந்த், ஏல் பல்கலைக்கழகத்தில் ஜான் புரோபெக்குடன் இணைந்து, அதே உறுப்பின் பக்கவாட்டுப் பகுதியில் மிகச் சிறிய இடமொன்றை இருபுறமும் சிதைத்தார். எலிகளும் பூனைகளும் உண்பதையே நிறுத்திவிட்டன. உணவு எதிரில் இருக்க, அவை பட்டினியால் மெலிந்தன. ‘உண்ணும் மையம்’ என்ற பெயர் அந்த இடத்துக்கு வாய்த்தது. ஆனந்த் பிற்காலத்தில் தில்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் உடலியங்கியல் துறையைக் கட்டியெழுப்பினார். யோகியரின் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்து ஆராய்ந்தவரும் அவரே. மனத்தால் உடலை ஆளுதல் என்ற இந்தியப் பெருமிதத்தையும், மூளையில் ஓர் ஊசிமுனை அளவு சிதைந்தால் பசியே அற்றுப்போகும் என்ற கசப்பான உண்மையையும் ஒருங்கே ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பார்த்தவர் அவர்.

மனவுறுதி பற்றிய வினாவுக்கு நேரடியான சோதனை இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், அதே மினசோட்டாவில் நடந்தது. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், பட்டினியால் வாடிய ஐரோப்பிய மக்களுக்கு எவ்வாறு மீண்டும் உணவூட்டுவது என்பதை அறிய, ஆன்செல் கீஸ் என்ற உடலியங்கியல் அறிஞர் 36 இளைஞரைத் தேர்ந்தெடுத்தார. அனைவரும் போரில் ஆயுதம் ஏந்த மனச்சான்று இடந்தராது என்று மறுத்தவர்கள். தம் நாட்டவர் பலர் ஏளனம் செய்தபோதும் கொள்கையில் நின்றவர்கள். பிறர் பசி தீர உதவும் என்பதற்காகத் தாமே முன்வந்து பட்டினியை ஏற்றவர்கள். மனவுறுதி என்ற ஒன்று பசியை வெல்லுமானால், அதற்கு இவர்களைவிடத் தகுதியானவர் கிடைப்பது அரிது.

1945 பிப்ரவரி முதல் ஜூலை வரை 24 வாரங்கள், நாளொன்றுக்குச் சராசரி 1,570 கிலோகலோரி. ரொட்டி, உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, டர்னிப் கிழங்கு, மாக்கரோனி. வாரத்துக்கு 22 மைல் நடை. உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் கீஸின் குறிப்புகளில் நெஞ்சைத் தொடுவன எடைக் கணக்குகள் அல்ல. சமையலில் எந்த நாட்டமும் இல்லாதிருந்த ஆண்கள் சமையற் புத்தகங்களைச் சேர்த்துப் படிக்கத் தொடங்கினர். தட்டை நக்கினர். கிடைத்த சிறிதளவு உணவை இரண்டு மணி நேரம் இழுத்து இழுத்து உண்டனர். சூயிங்கம்மை அளவின்றி மென்றனர். நாளுக்கு 40 பொட்டலம் வரை மென்றவரும் உண்டு. காபிக்கும் ஒரு கட்டத்தில் வரம்பு விதிக்க வேண்டியதாயிற்று. ஊருக்குள் தனியே சென்ற ஒருவர் கட்டுப்பாட்டை மீறி உண்டுவிட்டார். அதன் பின்னர் கீஸ் ஒரு விதியைக் கொண்டுவந்தார்: எவரும் தனியே வெளியே செல்லலாகாது, எப்போதும் ஒரு துணை வேண்டும். கொள்கைக்காகச் சிறை செல்லவும் அஞ்சாதவர்களுக்கு, ஒரு கடையின் வாசலைக் கடந்து செல்ல இன்னொருவர் துணை தேவைப்பட்டது. அவர்களே அவ்விதியை இகழ்ச்சியாகக் கொள்ளவில்லை. தம்மைத் தாமே நம்பும் நிலை கடந்துவிட்டது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இறுதியில் 32 பேரின் தரவுகளே முழுமையாகக் கொள்ளப்பட்டன.

இங்கு ஓர் ஒப்பீடு தவிர்க்க முடியாதது. உடற்பருமன் அறுவைக்குப் பின் முதல் வாரங்களில் ஒருவர் உட்கொள்வது பெரும்பாலும் 400 முதல் 800 கிலோகலோரி. மினசோட்டா இளைஞர் உண்டதில் பாதி, அல்லது அதனினும் குறைவு. வெறும் பட்டினிக் கணக்குப்படி பார்த்தால் அறுவை செய்துகொண்ட ஒவ்வொருவரும் தட்டை நக்க வேண்டும். பெரும்பாலோர் அவ்வாறு செய்வதில்லை. ஆகவே வியப்புக்குரியது, அறுவைக்குப் பின் சிலர் பசிக்கிறார்கள் என்பதன்று. பலர் பசிக்காமல் இருக்கிறார்கள் என்பதே.

இந்த வியப்பை அறுவை வல்லுநர் சிலர் முன்பே கண்டிருந்தனர். வாங்கென்ஸ்டீனின் மினசோட்டாத் துறையில் பயின்று அயோவாவுக்குச் சென்ற எட்வர்ட் மேசன், புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதி அகற்றப்பட்டவர்கள் எடை கூடாமலே இருப்பதைக் கவனித்து, 1966இல் முதல் ‘கேஸ்ட்ரிக் பைபாஸ்’ அறுவையைச் செய்தார். இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பையை மட்டும் விட்டு, அதை நேரே சிறுகுடலோடு இணைப்பது அம்முறை. பை சிறிது, ஆகவே உணவும் சிறிது என்பதே அன்றைய விளக்கம். ஆனால் 1980இல் ஹால்மி, ஸ்டங்கார்ட் என்னும் மனநல மருத்துவர் இருவருடன் சேர்ந்து மேசன் வெளியிட்ட ஆய்வு வேறொன்றையும் சொன்னது. முன்பு உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தபோது அனுபவித்த சோர்வு, எரிச்சல், எப்போதும் உணவையே நினைத்திருத்தல் ஆகியவை அறுவைக்குப் பின் எடை குறைந்தபோது அந்நோயாளிகளிடம் குறைவாக இருந்தன. அதே மனிதர்கள், அதே மனவுறுதி. எது மாறியது என்பதற்கு அப்போது விடை இல்லை.

விடையின் முதற்கீற்று 1999 டிசம்பரில் ஜப்பானிலிருந்து வந்தது. கோஜிமா, கங்காவா ஆகியோரின் குழு எலியின் இரைப்பையிலிருந்து ஒரு ஹார்மோனைப் பிரித்தெடுத்து அதற்குக் கிரெலின் என்று பெயரிட்டது. முதலில் அது வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் பொருளாகவே அறியப்பட்டது. பசியைத் தூண்டுவதும் அதுவே என்பது ஓரிரு ஆண்டுகளில் தெளிவாயிற்று. உணவு நேரம் நெருங்க நெருங்க இரத்தத்தில் ஏறி, உண்டபின் இறங்குகிறது. இரைப்பையும் மூளையும் ஒரே கடிதத்தின் இரு முனைகள் என்பது இவ்வாறு புலனாயிற்று. கேனனும் ஆனந்தும் ஒருசேரச் சரியாகச் சொல்லியிருந்தனர் எனலாம்.

2002இல் சியாட்டிலின் டேவிட் கமிங்ஸ் குழு வெளியிட்ட கட்டுரை அறுவை உலகை அசைத்தது. உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தவர்களின் 24 மணி நேரக் கிரெலின் அளவு 24 விழுக்காடு உயர்ந்திருந்தது. அதாவது, எடை குறையக் குறைய உடல் மேலும் உரக்கக் கத்தியது. பைபாஸ் செய்துகொண்டவர்களிடமோ இயல்பான எடையுள்ளோரை ஒப்பிட 77 விழுக்காடு குறைந்திருந்தது. பைபாஸ் பிரிவில் இருந்தவர்கள் ஐவரே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பின்வந்த ஆய்வுகள் அனைத்தும் அம்முடிவோடு ஒத்துப்போகவில்லை. ஆயினும் திசை மாறிவிட்டது. அறுவைக்குப் பின் சில நாட்களுக்குள்ளாகவே குடலிலிருந்து நிறைவுணர்வைத் தரும் வேறு ஹார்மோன்கள் உண்டபின் மிகுதியாகச் சுரப்பதைப் பின்னர் லண்டன் ஆய்வாளர்கள் காட்டினர். 2011இல் மெல்போர்ன் நகரின் பிரியா சுமித்ரன் குழு, அறுவையின்றி, பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைத்தவர்களை ஓராண்டு தொடர்ந்து கவனித்தது. ஓராண்டு கழித்தும் அவர்களின் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை, பசியும் தணியவில்லை. ‘மனக்கட்டுப்பாடு இல்லாதவர்’ என்று ஊரார் சொன்னவர்கள் ஓராண்டாக எதனோடு போராடிக்கொண்டிருந்தனர் என்பதற்கு இரத்தமே சான்று கூறியது.

இன்று இந்தியாவில் பரவலாகச் செய்யப்படும் ‘ஸ்லீவ்’ அறுவை இக்கதையில் ஏறத்தாழத் தற்செயலாக நுழைந்தது. மிகப் பருத்தவர்களுக்கு ஒரே வேளையில் பெரிய அறுவை செய்வது ஆபத்து என்பதால், 2000ஆம் ஆண்டை ஒட்டி நியூயார்க்கில் மிஷெல் கான்யே குழுவினர் அதை இரண்டு கட்டமாகப் பிரித்தனர். முதற்கட்டத்தில் இரைப்பையின் முக்கால் பங்கையோ அதற்கு மேலுமோ நீக்கி, வாழைப்பழ வடிவில் ஒரு குழலை மட்டும் விட்டனர். அதுவே சிலருக்குப் போதுமானதாக அமைந்தது. முதற்கட்டமே நாளடைவில் தனி அறுவையாயிற்று. அதில் நீக்கப்படும் மேற்பகுதியிலேதான் கிரெலின் சுரக்கும் செல்கள் மிகுதி என்பது பின்னால் அறியப்பட்ட நற்பேறு.

அவ்வாறாயின் முதல் வாரங்களில் பசி ஏன் வருகிறது? ஒற்றைக் காரணம் இல்லை. கிரெலின் குறைகிறது, அற்றுப்போவதில்லை. நீர்ம உணவு இரைப்பையில் தங்குவதில்லை, விரைந்து குடலுக்கு இறங்கிவிடுகிறது. ஸ்லீவ் செய்த இரைப்பையிலோ இன்னும் விரைவாக இறங்குகிறது. நிறைவுணர்வைத் தரும் அழுத்தம் திட உணவால்தான் வரும். அத்திட உணவோ ஆறு வாரம் தள்ளி நிற்கிறது. ஆகவே மிகக் கடுமையான உணவுக் கட்டுப்பாடு உள்ள காலமே, அறுவையின் உதவி மிகக் குறைவாகக் கிட்டும் காலமும் ஆகிறது. இதை முன்கூட்டி அறியாதவர் தம்மையே நொந்துகொள்வது இயல்பு. இரைப்பை அமிலம் புதிய தையல் வரியை உறுத்தும்போது எழும் எரிச்சலும் பசி போலவே தோன்றும். அதனாலும் பொருட்டாகத்தான் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சில மாதங்களுக்கு எழுதிக் கொடுக்கப்படுகிறது. பசி நின்றுவிட்டது, மாத்திரை எதற்கு என்று அதை நிறுத்துவோர் பசியைத் தாமே வரவழைத்துக்கொள்கின்றனர். நீரை மடக்கு மடக்காகத்தான் அருந்த முடியும் என்பதால் தாகம் பசியின் உருவில் வரும். பல்லாண்டுகளாக இரவு ஒன்பது மணிக்கு உண்ட உடல், இரைப்பை இல்லாவிடினும் ஒன்பது மணியை மறக்காது. முன்பு பெரிதும் வழக்கிலிருந்த இரைப்பைப் பட்டை முறையில் இது இன்னும் வெளிப்படை. பட்டையைப் பொருத்தியபின் ஏறத்தாழ ஆறு வாரம் கழித்தே அதில் நீர் செலுத்தி இறுக்குவர். இடைப்பட்ட ஆறு வாரமும் பட்டை வேலை செய்வதில்லை, நோயாளி மட்டுமே வேலை செய்கிறார்.

பசி அல்லாத சிலவற்றையும் பசியென்று பொறுத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. தொடர்ந்த வாந்தி, காய்ச்சல், ஓயாத படபடப்பு, பெருகும் வயிற்றுவலி ஆகியவற்றை மனவுறுதியால் தாங்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். நீடித்த வாந்தியால் தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்துக் குறைந்து நரம்பும் மூளையும் கெட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் மிகுதி. பொறுமையைப் புகழும் பண்பாட்டில் இது குறிப்பாகச் சொல்லப்பட வேண்டியது.

மீண்டும் ஷிரூர் வட்டத்துக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவில் கிடக்கும் இந்நிலப்பகுதி பஞ்சங்களை நன்கறியும். 1876–78 பெரும்பஞ்சத்தில் தக்காணம் முழுவதும் வாடியபோது, ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி நிவாரணக் கூலியை ஒரு பவுண்டு தானியமும், அதாவது ஏறத்தாழ 450 கிராமும், சிறு காசும் என்று குறைத்தார். அதிகம் கொடுத்தால் மக்கள் சோம்பேறிகளாவர் என்பது அன்றைய ஆட்சியாளர் பலரின் கவலை. பம்பாய் மாகாணத்தில் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் நிவாரண வேலையை விட்டு வெளியேறினர். புணே சார்வஜனிக சபை முறையிட்டது. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், அந்த அளவு உழைக்கும் உடலைக் காக்காது என்று மருத்துவ நோக்கில் வாதிட்டார். பசித்தவரின் குணத்தைச் சோதிப்பதா, பசித்தவரின் உடலை அளப்பதா என்ற வழக்கு அன்றே நடந்திருக்கிறது.

நூறாண்டுக்குப் பின் அளக்கும் வேலை இதே வட்டத்தில் வேறு விதமாகத் தொடங்கியது. மருத்துவர் பானூ கோயாஜியின் முயற்சியால் புணே கே.இ.எம். மருத்துவமனை 1970களில் ஷிரூர் வட்டத்தின் வடூ என்னும் ஊரில் கிராமப்புறச் சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கிற்று. அதே மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாக்னிக், 1993 முதல் புணே அருகிலுள்ள ஆறு கிராமங்களில் கருவுற்ற தாய்மாரையும் அவர்தம் மகவுகளையும் அளந்தார். தாயரின் சராசரி எடை ஏறத்தாழ 42 கிலோ. குழந்தைகள் பிறந்தபோது சராசரி 2.7 கிலோ, ஒப்புநோக்கிய இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோ 3.5 கிலோ. எடையில், தசையில், வயிற்றுச் சுற்றளவில் எல்லாம் புணேக் குழந்தைகள் சிறுத்திருந்தன. முதுகுத் தோலடிக் கொழுப்பில் மட்டும் அவ்வளவு சிறுக்கவில்லை. ‘மெலிந்த பருமன்’ என்று அந்நிலைக்குப் பெயரிட்டனர். யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யட்கினும் 2004இல் தம் உடல்களையே சான்றாக வைத்தனர். இருவரின் உடல் நிறைக் குறியீட்டெண்ணும் 22.3. உடற்கொழுப்போ யட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2.

இதற்கும் அறுவைக்குப் பின் வரும் பசிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு நேரடியானது. 1991இல் அமெரிக்கா வகுத்த அறுவை வரம்பு, குறியீட்டெண் 40. நீரிழிவு போன்ற நோயிருந்தால் 35. ஆசியர்க்கு அதற்கும் குறைந்த அளவிலேயே நோய் தாக்குவதால், 2022ஆம் ஆண்டின் பன்னாட்டு நெறிமுறை ஆசியர்க்கு 27.5இலிருந்தே அறுவையைக் கருதலாம் என்கிறது. விளைவாக, பார்வைக்கு அவ்வளவு பருத்தவராகத் தோன்றாத ஒருவர் நீரிழிவுக்காக அறுவை செய்துகொள்கிறார். ‘இந்த உடம்புக்கு அறுவையா, சோற்றைக் குறைத்தால் போதாதா’ என்ற பேச்சை அவர் மற்றவரைவிட மிகுதியாகக் கேட்கிறார். முதல் வாரப் பசியில் அவர் தளரும்போது அப்பேச்சு மெய்யாகிவிட்டதாக அவருக்கே தோன்றுகிறது. கருவிலேயே தொடங்கிய கணக்கு ஒன்று, அவருடைய நாக்கின் குற்றமாக எழுதப்படுகிறது.

ஊக்கம் என்பது அப்படியானால் எங்கிருந்து வரும்? புணேயே இதற்கும் ஓர் ஒப்பீட்டைத் தருகிறது. காந்தியடிகள் எரவாடாச் சிறையில் 1932 செப்டம்பர் 20 அன்று தொடங்கிய உண்ணாநோன்புக்கு நாள் எல்லை இல்லை. உடன்பாடு வரும்வரை அல்லது உயிர் போகும்வரை. ஆறே நாளில் முடிந்த அதிலேயே அவர் உடல் அஞ்சத்தக்க விரைவில் தளர்ந்தது. 1943இல், 73 வயதில், ரஞ்சன்காவ் செல்லும் அதே அகில்யாநகர்ச் சாலையில் உள்ள ஆகா கான் மாளிகையில் சிறைப்பட்டிருந்தபோது, பிப்ரவரி 10 முதல் மார்ச் 3 வரை 21 நாள் என்று முன்னரே அறிவித்து நோன்பிருந்தார், பிழைத்தார். பின்னதில் நீரோடு சிறிது பழச்சாறு சேர்க்கப்பட்டது, மருத்துவர் குழு உடனிருந்தது. எனவே எல்லை தெரிந்தது ஒன்றே காரணமென்று கூறிவிட முடியாது. ஆனால் அவரே 1925இல், ஏழு நாள் நோன்பொன்றுக்குப் பின், நோன்பிருப்போர்க்கு எழுதிய யோசனைகள் வியப்பூட்டும் அளவுக்கு நடைமுறை சார்ந்தவை: தொடக்கத்திலிருந்தே ஆற்றலைச் சேமிக்க வேண்டும், உணவைப் பற்றிய நினைவையே விட வேண்டும், உப்போ சோடாவோ சேர்த்தோ சேர்க்காமலோ குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாக நிறையப் பருக வேண்டும். வைராக்கியத்தின் உருவமாகக் கருதப்பட்டவர் வைராக்கியத்தைப் பற்றி அல்ல, தண்ணீரைப் பற்றி எழுதினார்.

அறுவைக்குப் பின் நோயாளி கையில் கொடுக்கப்படும் உணவு அட்டவணையும் அடிப்படையில் இதே வகைப்பட்டது. மணிக்கொரு முறை இவ்வளவு நீர், நாளுக்கு 60 கிராமேனும் புரதம், எந்த வாரம் கூழ், எந்த வாரம் குழைந்த சோறு. அதை வெறும் தடைப்பட்டியலாகப் படிப்பவர்க்கு அது சிறை. நாட்காட்டியாகப் படிப்பவர்க்கு அதில் ஒரு நிலவெழும் நேரம் தென்படும். மூன்றாம் வாரத்தில் பசி வரக்கூடும், திட உணவு தொடங்கியதும் தணியக்கூடும் என்ற ஒற்றை வரியை அட்டவணையிலேயே சேர்ப்பதற்கு மருத்துவருக்கு அதிகச் செலவாகாது. முன்பு அறுவை செய்துகொண்டோரை ஒன்றுகூட்டிப் பேசவைக்கும் கூட்டங்களை உலகெங்கும் உள்ள அறுவை மையங்கள் நடத்துகின்றன. கீஸ் 1945இல் விதித்த துணை விதிக்கும் இக்கூட்டங்களுக்கும் வேறுபாடு மிகச் சிறிது. பழைய சதுர்த்தி நோன்பை அறுவைக்குப் பிந்தைய முதல் மாதங்களிலேயே மீண்டும் தொடங்க விரும்புவோர்க்கு உணவியலாளர் பொதுவாக உடன்படுவதில்லை. நீரும் புரதமும் நாள் தவறக் கூடாத காலம் அது. சவ்வரிசிக் கிச்சடியில் மாவுச்சத்து மிகுதி, புரதம் சொற்பம்.

மினசோட்டா இளைஞருள் 18 பேரை, அவர்கள் எண்பது வயதைக் கடந்தபின், 2003–04இல் ஆய்வாளர் இருவர் தேடிச் சென்று பேசினர். பட்டினி கிடந்த 24 வாரங்களைவிட, மீண்டும் உணவளிக்கத் தொடங்கிய முதல் வாரங்களே கடினமாக இருந்ததாகப் பலர் நினைவுகூர்ந்தனர். முடிந்துவிட்டது என்று எண்ணிய பசி முடியாமலிருந்தது. வயிறு நிறைந்த பின்னும் அது நின்றபாடில்லை. முழுவதும் இயல்புக்குத் திரும்ப எவ்வளவு காலமாயிற்று என்று கேட்டபோது, இரண்டு மாதம் என்றவரும் உண்டு, இரண்டு ஆண்டு என்றவரும் உண்டு. மீண்டும் அச்சோதனைக்கு உடன்படுவீர்களா என்பதற்குப் பெரும்பாலோர் ஆம் என்றனர்.